வட்டார விமான அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தலைநகரங்களில் இருக்கும் பெரிய தேசிய அருங்காட்சியகங்களைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய. இங்கே பேசப்போவது பழைய ஓடுதளத்தின் ஓரத்தில், இரண்டு ஹேங்கரும் (விமானக் கொட்டகை) ஒரு புல்வெளியுமாக, பெரும்பாலும் தன்னார்வலர்கள் நடத்தும் சின்ன விமான அருங்காட்சியகங்களைப் பற்றி. விமானப் பைத்தியம் ஏற்கெனவே பிடித்தவர்களும், அப்படிப்பட்டவரோடு துணைக்குப் போக வேண்டியிருப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை.

பெரிய அருங்காட்சியகம் இருக்கும்போது சின்னதற்கு எதற்குப் போக வேண்டும்?

பெரிய இடத்தில் விமானம் கூரையிலிருந்து தொங்கும், அல்லது கயிறு கட்டித் தள்ளி நிற்கும். சின்ன இடத்தில் அதன் வயிற்றுக்குக் கீழே குனிந்து, சக்கரம் மடங்கிப் போகும் குழிக்குள் எட்டிப் பார்க்கலாம். அதைவிட முக்கியம், அந்த விமானங்கள் அந்த ஊரில் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும்.

இங்கிலாந்தின் லண்டன் கோல்னியில் சால்ஸ்பரி ஹால் என்று ஒரு பழைய மாளிகை. டி ஹாவிலண்ட் நிறுவனம் மஸ்கிட்டோ என்ற மரத்தாலான போர்விமானத்தை வடிவமைத்தது அங்கேதான். 1940 நவம்பரில் பறந்த அதன் முதல் மாதிரி விமானம் இன்றும் அதே வளாகத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சவுத்தாம்ப்டனில் சோலன்ட் ஸ்கை என்ற அருங்காட்சியகம் உண்டு. ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தை வடிவமைத்த ஆர்.ஜே. மிட்செல் வேலை பார்த்த சூப்பர்மரீன் நிறுவனத்தின் ஊர் அது. ஸ்பிட்ஃபயர் முதன்முதலில் 1936 மார்ச் 5 அன்று பறந்ததும் அந்த ஊரை ஒட்டிய ஈஸ்ட்லீ விமானத்தளத்திலிருந்துதான். ஜெட் இன்ஜினை உருவாக்கிய ஃபிராங்க் விட்டில் கவன்ட்ரியில் பிறந்தவர், அங்குள்ள மிட்லண்ட் அருங்காட்சியகத்தில் அவர் பெயரில் ஒரு தனிப் பிரிவே இருக்கிறது.

ஆகவே போவதற்கு முன் 'அங்கே எத்தனை விமானம் இருக்கிறது?' என்று விசாரிப்பதைவிட 'அந்த ஊரில் என்ன நடந்தது?' என்று விசாரிப்பது நல்லது.

போகும் முன் எதையெல்லாம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்?

திறந்திருக்கும் நாள். தன்னார்வலர்கள் நடத்தும் இடங்கள் பல வாரக் கடைசியில் மட்டும் திறக்கும், குளிர் அதிகமான நாடுகளில் குளிர்காலம் முழுக்க மூடியிருப்பதும் உண்டு. காக்பிட் (விமானி உட்காரும் அறை) திறப்பு நாள், இன்ஜின் ஓட்டிக் காட்டும் நாள் என்று தனியாக அறிவிப்பார்கள், முடிந்தால் அதற்கேற்பப் போங்கள். குறிப்பிட்ட ஒரு விமானத்துக்காகவே போவதென்றால் அது பழுதுபார்ப்புக்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஹேங்கருக்குள் வெயிலில் புழுங்கும், குளிரில் வெளியைவிடச் சில்லென்று இருக்கும். தரையில் எண்ணெய் இருக்கும் என்பதால் நல்ல செருப்பு வேண்டாம்.

உள்ளே போனதும் எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரு சுற்று வேகமாகப் பார்த்துவிடுங்கள், ஆசை அடங்கட்டும். அப்புறம் ஒரே ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுத்து அதோடு அரைமணி நேரம் இருங்கள். இருபது விமானத்தைப் படமெடுத்துக்கொண்டு வெளியே வருகிறவரைவிட, ஒன்றை ஒழுங்காகப் பார்த்தவருக்கே சொல்ல விஷயம் அதிகம் இருக்கும்.

பார்க்கும் முறைக்கு விமானியின் வழக்கத்தையே பின்பற்றலாம். புறப்படும் முன் விமானி விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்ப்பார்: மூக்கு, ஒரு பக்க இறக்கை, வால், மறுபக்க இறக்கை, திரும்ப மூக்கு. அந்த வழியில் நடந்தால் எதுவும் விடுபடாது.

சரி, அந்த அரைமணி நேரம் எதைப் பார்ப்பது? எனக்கு எல்லாம் உலோகமாகத்தானே தெரிகிறது?

ஒவ்வொரு வளைவுக்கும் புடைப்புக்கும் பின்னால் யாருக்கோ வந்த ஒரு தலைவலி இருக்கிறது. அந்தத் தலைவலி என்ன என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. பல அருங்காட்சியகங்களில் கண்ணில் படக்கூடிய சிலதைச் சொல்கிறேன்.

டி ஹாவிலண்ட் வாம்பயர், 1943இல் பறந்த ஆரம்பகால ஜெட். வாலைத் தாங்குவதற்கு இரண்டு தண்டுகள் பின்னோக்கிப் போகும், நடுவில் குட்டையான உடல். விநோதத்துக்காக அப்படிச் செய்யவில்லை. அன்றைய ஜெட் இன்ஜினுக்கு உந்துவிசை குறைவு. வெப்பக்காற்று வெளியேறும் குழாய் நீளமானால் இருக்கும் விசையிலும் கொஞ்சம் வீணாகும். குழாயைக் குட்டையாக்க உடலைக் குட்டையாக்கினார்கள், வாலைத் தண்டுகளில் ஏற்றினார்கள். விமானி உட்காரும் அந்த முன்பகுதி ஒட்டுப்பலகையும் பால்சா மரமும் சேர்ந்தது என்பது இன்னொரு ஆச்சரியம். மஸ்கிட்டோவில் பழகிய கைகளின் வேலை அது.

ஹாக்கர் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் போர் ஜெட்டின் மூக்குக்கு அடியில், இருபுறமும் இரண்டு புடைப்புகள் இருக்கும். நான்கு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் சுடும்போது தோட்டாக்களைக் கோக்கும் இணைப்புத் துண்டுகள் கழன்று விழும். அவை காற்றில் பறந்து விமானத்தின் உடலிலேயே அடிக்காமல் சேகரிக்கத்தான் அந்தப் பெட்டிகள். அவற்றுக்கு அக்காலத்து நடிகை ஒருவரின் மேடைப்பெயரை விமானப்படையினர் சூட்டினார்கள். விவரத்தைத் தன்னார்வலர்களிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

மிக்-21இன் மூக்கில் ஒரு கூம்பு. அது அசையாத அலங்காரம் இல்லை, வேகத்துக்கேற்ப முன்னும் பின்னும் நகரும். ஒலியைவிட வேகமாகப் போகும்போது உள்ளே வரும் காற்று அதே வேகத்தில் இன்ஜினை எட்டினால் இன்ஜின் திணறிவிடும். கூம்பு உண்டாக்கும் அதிர்ச்சி அலைதான் காற்றை முன்பே மட்டுப்படுத்துகிறது. பின்னாளில் வந்த வகைகளில் அதே கூம்புக்குள் ரேடாரையும் வைத்தார்கள்.

எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் என்ற அமெரிக்கப் போர் ஜெட் அகப்பட்டால் இறக்கையின் முன்விளிம்பைப் பாருங்கள். மெல்லியது. தரையில் வேலை செய்கிறவர்களைக் கீறிவிடக் கூடாதென்று அதற்கு உறை போட்டு வைத்தார்கள். அதன் ஆரம்பகால வகைகளில், ஆபத்தில் விமானியோடு சேர்ந்து வெளியே பாயும் வெளியேற்று இருக்கை மேலே போகாது, கீழ்நோக்கிப் பாயும். உச்சியில் இருந்த வாலில் விமானி மோதிவிடுவாரோ என்ற பயம். தாழப் பறக்கும்போது கீழே எறியப்பட்டால் என்ன ஆவது என்ற கேள்வி அப்புறம்தான் உறைத்தது போலும். பின்னால் வந்தவற்றில் மேல்நோக்கிப் பாயும் இருக்கைகளையே வைத்தார்கள்.

இடுப்பு ஒடுங்கிய ஜெட்டைப் பார்த்தால் அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் விட்கம்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலிவேகத்தை நெருங்கும்போது எதிர்ப்பு ஏறுவதற்கு இறக்கையோ உடலோ தனித்தனியாகக் காரணமில்லை, இரண்டும் சேர்ந்த மொத்தக் குறுக்குப் பரப்பு முன்னிருந்து பின்னாக எப்படி மாறுகிறது என்பதுதான் காரணம் என்று 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். இறக்கை சேரும் இடத்தில் உடலைக் குறுக்கினால் கணக்குச் சரியாகும். 1953இல் பறந்த ஒய்எஃப்-102 என்ற அமெரிக்க மாதிரிப் போர்விமானம் நேர்மட்டப் பறப்பில் ஒலிவேகத்தைத் தாண்ட முடியாமல் நின்றது. இடுப்பைக் குறுக்கித் திருத்தியதும் 1954 டிசம்பரில் தாண்டிவிட்டது.

விமானத்தின் மேல் இருக்கும் எண்களுக்கு என்ன பொருள்?

அதன் வாழ்க்கை வரலாற்றுக்குச் சாவி அதுதான். பிரிட்டிஷ் ராணுவ விமானங்களில் பெரும்பாலும் இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும் இருக்கும், ஒரு விமானத்துக்கு ஒன்றுதான். அமெரிக்க விமானப்படை எண் எந்த நிதியாண்டில் வாங்க ஒதுக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்கும். ஆனால் வாலில் எழுதும்போது ஆண்டின் முதல் இலக்கத்தை விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. '42' என்று தொடங்கும் எண் வாலில் '2' என்று தொடங்கும். சோவியத் விமானங்களின் மூக்கில் பெரிதாக இருக்கும் சிவப்பு, நீல இலக்கங்களை நம்ப வேண்டாம், அவை படைப்பிரிவு கொடுத்தவை, பிரிவு மாறினால் மாறிவிடும். உண்மையான அடையாளம் உள்ளே எங்கோ பொறித்த தொழிற்சாலை எண்.

இன்னொரு எச்சரிக்கை. வெளியே பூசியிருக்கும் எண் அந்த விமானத்துடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. புகழ்பெற்ற வேறொரு விமானத்தின் நிறத்தையும் எண்ணையும் பூசி வைப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். நல்ல அருங்காட்சியகம் அதைப் பலகையில் சொல்லிவிடும். சொல்லாவிட்டால் காக்பிட்டிலோ சக்கரக் குழியிலோ இருக்கும் சிறிய உலோகத் தகட்டைத் தேடுங்கள்.

நிற்பது அசல் விமானமா, நகலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முழு நகலைக் கண்டுபிடிப்பது எளிது. கண்ணாடியிழையில் வார்த்ததில் ரிவெட்டுகள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. சக்கரமும் டயரும் ஒரே வார்ப்பு. அடிவயிற்றில் திறப்புகள் இல்லை, புகைக்கறை இல்லை. 1980களின் கடைசியில் பிரிட்டிஷ் விமானப்படையே தன் தளங்களின் வாசலில் நின்ற அசல் ஸ்பிட்ஃபயர்களை எடுத்துவிட்டுக் கண்ணாடியிழை நகல்களை நிறுத்தியது. மழையில் நனைய விடுவதற்கு அசல் ஒன்றும் மலிவான பொருள் இல்லையே.

கஷ்டமான கேள்வி வேறு: அசல் என்றால் எவ்வளவு அசல்? இதற்கு இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஹாலிஃபாக்ஸ் என்ற நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆறாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டவை, போருக்குப் பின் கிட்டத்தட்ட எல்லாமே பழைய இரும்புக்குப் போயின. இன்று பார்க்கக் கிடைக்கும் மூன்றும் மூன்று விதம்.

முதலாவது, லண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில். 1942 ஏப்ரலில் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கப் போய், அடிபட்டு, நார்வேயில் உறைந்த ஏரி மேல் இறங்கி, பனி உடைந்து மூழ்கியது. 1973இல் எடுத்தார்கள். அழகுபடுத்தவில்லை, நசுங்கியது நசுங்கியபடியே வைத்திருக்கிறார்கள். இரண்டாவதும் நார்வே ஏரி ஒன்றிலிருந்து, 1995இல் எடுக்கப்பட்டது. அதைக் கனடாவின் டிரென்டனுக்குக் கொண்டுபோய்ப் பத்தாண்டு உழைத்துத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்ததுபோல ஆக்கிவிட்டார்கள். மூன்றாவது யார்க்ஷயரின் எல்விங்டனில். அங்கே தொடக்கமாகக் கிடைத்தது ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கோழிக்கூண்டாகப் பயன்பட்டுவந்த ஓர் உடற்துண்டு மட்டுமே. அதோடு ஹேஸ்டிங்ஸ் என்ற சரக்கு விமானத்தின் இறக்கைகளைச் சேர்த்து, பிரான்ஸிலிருந்து வந்த இன்ஜின்களைப் பொருத்தி, இல்லாததையெல்லாம் புதிதாகச் செய்து 1996இல் முடித்தார்கள். 128 தாக்குதல்களுக்குப் போய்த் திரும்பிய 'வெள்ளிக்கிழமை 13ஆம் தேதி' என்ற ஹாலிஃபாக்ஸின் நினைவாக அதன் பெயரையே இதற்கும் சூட்டினார்கள்.

எது சரி? ஏரியிலிருந்து வந்த சிதைவு பொய் சொல்லவில்லை, ஆனால் அதற்குள் எழுவர் எப்படி உட்கார்ந்தார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது. எல்விங்டனில் நிற்பது பல உடல்களின் சேர்க்கை. ஆனாலும் அந்தத் தளத்திலிருந்து ஹாலிஃபாக்ஸ்களில் பறந்த பிரெஞ்சுப் படையினரின் கதையை அதன் அடியில் நின்று கேட்பது வேறுதான். என் ஓட்டு எல்விங்டனுக்கு, என்ன சேர்த்தோம் என்று அவர்கள் மறைக்காமல் சொல்வதால்.

பழைய இன்ஜின்களுக்குக் கீழே தட்டு வைத்திருக்கிறார்களே, எதற்கு?

எண்ணெய் சொட்டுவதற்கு. சிலிண்டர்களை வட்டமாக அடுக்கிய ரேடியல் இன்ஜினில் கீழ்ப்பக்கச் சிலிண்டர்கள் தலைகீழாக இருக்கும், நிறுத்தி வைத்தால் எண்ணெய் மெல்ல அவற்றுக்குள் இறங்கிவிடும். அப்படியே இயக்கினால் பிஸ்டன் எண்ணெயை அழுத்த முடியாமல் இன்ஜின் வளைந்து உடையும். அதனால்தான் இயக்கும் முன் புரொப்பல்லரைக் கையால் சில சுற்றுத் தள்ளிவிடுவார்கள்.

அருகில் நிற்கும்போது சிலிண்டர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு வரிசையில் 5, 7, 9 என்று ஒற்றைப்படையாகவே இருக்கும். ஒன்று விட்டு ஒன்றாக எரிய வேண்டும் என்பதுதான் காரணம்: ஏழு சிலிண்டர் என்றால் 1, 3, 5, 7, 2, 4, 6. இரண்டு சுற்றில் எல்லாம் சீரான இடைவெளியில் முடிந்துவிடும், இரட்டைப்படையில் இது வராது. டிசி-3 பயணி விமானத்தின் ராணுவ வடிவமான டகோட்டாவில் 14 சிலிண்டர் இருக்கிறதே என்றால், அது ஏழு ஏழாக இரண்டு வரிசை.

முதல் உலகப்போர் விமானங்கள் பலவற்றின் இன்ஜினும் வட்டமாகத்தான் இருக்கும், ஆனால் ஆள் வேறு. அதில் தண்டு அசையாது, சிலிண்டர்கள் மொத்தமும் புரொப்பல்லரோடு சேர்ந்து சுழலும். மசகுக்கு ஆமணக்கெண்ணெய். எரியாத எண்ணெயெல்லாம் விமானியின் முகத்தில்.

காக்பிட்டில் உட்காரலாமா?

அனுமதிக்கும் இடத்தில் தாராளமாக. ஏறும்போது எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று உடலிலேயே எழுதியிருக்கும், அதை மதியுங்கள். எதையும் இழுக்காதீர்கள், திருகாதீர்கள்.

வெளியேற்று இருக்கை பயமுறுத்தும் பொருள்தான். அதற்குள் வெடிமருந்து இருக்கும், சிவப்பு முக்கோண எச்சரிக்கை அதற்காகத்தான். காட்சிக்கு வைக்கும் முன் வெடிபொருளை நீக்கிவிட வேண்டும். நீக்கியதற்குச் சான்று இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் இருக்கையைப் பறக்கும் விமானத்திலிருந்து முதலில் சோதித்தவர் பெர்னார்ட் லின்ச், 1946 ஜூலை 24 அன்று. அந்த நிறுவனத்தின் இருக்கைகள் இதுவரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியிருக்கின்றன.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து மானிகளின் முட்கள் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த சாயம் பூசினார்கள். இப்போது ஒளிராதே என்று அலட்சியம் வேண்டாம். மங்கிப்போனது கூடவிருந்த துத்தநாக சல்ஃபைடுதான். ரேடியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 1600 ஆண்டு ஆகும். கண்ணாடி உடையாமல் மூடியிருக்கும் மானியின் முன்னால் சற்று நேரம் உட்காருவதில் கவலைப்பட ஒன்றுமில்லை. உடைந்ததைத் தொடக் கூடாது.

இவ்வளவு அரிய விமானத்தை வெளியே மழையில் விட்டுவைத்திருக்கிறார்களே?

இடமும் பணமும். வல்கன் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை அகலம் கிட்டத்தட்ட 34 மீட்டர், அதற்குக் கூரை போடும் செலவில் நான்கு சின்ன விமானங்களைப் பழுதுபார்க்கலாம். கோவாவில் 1998இல் திறந்த கடற்படை விமான அருங்காட்சியகத்திலும் பெரிய விமானங்கள் வெளியில்தான். அங்குள்ள சூப்பர் கான்ஸ்டலேஷன் ஏர் இந்தியாவில் பயணிகளைச் சுமந்து, விமானப்படைக்குப் போய், கடற்படையில் ஓய்வு பெற்றது. பார்க்காமல் வரக்கூடாத ஒன்று.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று நினைப்போம். சுத்த அலுமினியம் தாங்கும், ஆனால் அது மென்மை. வலுவுக்காகத் தாமிரம் சேர்த்த கலவையில்தான் விமானம் கட்டுகிறார்கள், அது ஈரத்தில் அரிக்கும், ஏடு ஏடாக உரியும். எஃகுத் திருகு அலுமினியத்தைத் தொடும் இடமும் உப்புக்காற்றுப் படும் இடமும் முதலில் போகும். மக்னீசியச் சக்கரங்கள் இன்னும் மோசம். டயர்கள் காற்றிழந்து தட்டையாகும் என்பதால்தான் பல விமானங்கள் முட்டுக்கட்டை மேல் நிற்கின்றன. பறவைக்கூடு தனிக்கதை.

இன்ஜின் ஓடுகிறதே, பறக்கவிட்டால் என்ன?

ஓடுவதற்கும் பறப்பதற்கும் இடையே வெகுதூரம். சாலையில் கொண்டுவர இறக்கையின் முதுகெலும்பான சட்டத்தை அறுத்திருந்தால் அத்தோடு முடிந்தது. அறுக்காவிட்டாலும் உலோகச் சோர்வு இருக்கிறது. 1954இல் இரண்டு காமெட் பயணி ஜெட்கள் நடுவானில் சிதறியது உடலில் உண்டான விரிசலால்தான். சன்னல் சதுரமாக இருந்தது காரணம் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். இத்தாலியின் எல்பா அருகே விழுந்த விமானத்தில் விரிசல் தொடங்கியதாக விசாரணை காட்டிய இடம் பயணிகள் சன்னல் அல்ல, கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலை. சதுரச் சன்னலோடு ஒரு காமெட்டின் உடல் லண்டன் கோல்னியில் இருக்கிறது, பார்த்துவிட்டு நீங்களே வாதாடிக்கொள்ளுங்கள்.

அப்புறம், தயாரித்த நிறுவனங்கள் தொழில்நுட்ப ஆதரவு தர வேண்டும். அது நிற்கப்போகிறது என்றானதும்தான் பறந்துகொண்டிருந்த கடைசி வல்கன் 2015இல் தரையிறங்கியது. எளிய விமானங்களுக்கு ஆயுள் அதிகம். இங்கிலாந்தின் ஓல்டு வார்டனில் உள்ள ஷட்டில்வொர்த் தொகுப்பின் 1909ஆம் ஆண்டு பிளேரியோ விமானம் காற்று ஓய்ந்த மாலைகளில் ஓடுதளத்தின் மேலேயே நேராகச் சிறு தாவல் போடும்.

படம் எடுக்க ஏதாவது யோசனை?

அகலமான லென்ஸ் வேண்டும், ஹேங்கரில் பின்னால் போக இடம் இருக்காது. முக்காலியைப் பல இடங்களில் விடமாட்டார்கள். வெளியே மேகமூட்டமான நாள்தான் நல்லது. போலரைசர் வடிகட்டி காக்பிட் மூடியின் பிரதிபலிப்பைக் குறைக்கும், சில கோணங்களில் அந்தப் பிளாஸ்டிக்கில் வானவில் நிறக் கோடுகளைக் காட்டிவிடும். அது மூடியை வார்த்தபோது உள்ளே தங்கிய இறுக்கம். சிலர் அழிக்கப் பார்ப்பார்கள், எனக்குப் பிடிக்கும்.

தன்னார்வலர்களிடம் பேச்சை எப்படித் தொடங்குவது?

'இது எவ்வளவு வேகம் போகும்?' என்பதைப் பலகையே சொல்லிவிடும். 'இதில் வேலை செய்யக் கஷ்டமான இடம் எது?' என்று கேட்டுப் பாருங்கள். அவர்களில் பலர் அதே வகை விமானத்தில் மெக்கானிக்காக இருந்தவர்கள். எந்த மூடியைக் கழற்ற எந்த விரல் கிழியும் என்பதிலிருந்து தொடங்குவார்கள். பட்டறைக்குள் எட்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். அங்கே பாதி பிரித்த இறக்கைக்குள் பார்ப்பது, வெளியே பளபளக்கும் முழு விமானத்தைப் பார்ப்பதைவிட மேல்.

பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

போகலாம். ஆனால் வரலாறு சொல்லி அறுக்காதீர்கள். ஹெலிகாப்டரையும் உட்காரக்கூடிய காக்பிட்டையும் முதலில் காட்டிவிடுங்கள்.

தாத்தாவின் விமானப்படைக் காலத்துப் பொருள்கள் வீட்டில் இருக்கின்றன. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?

முன்னறிவிப்பில்லாமல் பெட்டியோடு போய் நிற்க வேண்டாம். படமெடுத்து அனுப்பிக் கேளுங்கள். பறப்புப் பதிவேடு, பெயர் எழுதிய புகைப்படம், பராமரிப்புக் கையேடு ஆகியவற்றைக் கண்டால் மகிழ்ந்துபோவார்கள். சீருடை ஏற்கெனவே நிறைய இருக்கும். பழைய மானி இருந்தால் பிரித்துப் பார்க்காமல், துடைக்காமல், ரேடியம் இருக்கலாம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். நிரந்தரமாகக் கொடுக்கிறீர்களா, இரவலா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவேட்டைக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.